இருட்டிலும் தெரிந்த கடைசி வரி

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் குண்டூசிதான். ஆள் ஒல்லி, வாய் கூர்மை. அதனால் அந்தப் பெயர். யாராவது ஆசை ஆசையாக ஒரு ஃபிரேமை மாட்டிப் பார்த்தால், மற்ற கடைகளில் "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்பார்கள். இவள், "ஆந்தைக்கு வயசானா இப்படித்தான் சார் இருக்கும், கழட்டுங்க" என்பாள். அவர் முகம் சுருங்கும். அப்புறம் சிரிப்பு வரும். அப்புறம் அவள் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு போய், அடுத்த வாரம் மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார்.

நான் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். மெஷின் சத்தத்தில் யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது. சேர்ந்த புதிதில் குண்டூசி நாலு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏய் எருமை!" என்று ஒரு சத்தம் போட்டாள். அது மட்டும் கேட்டது. அன்றிலிருந்து அவளுக்கு நான் எருமைதான். "எருமை, டீ ஆறுது." "எருமை, அந்த மஞ்சள் டிரஸ்ஸை இனிமே போடாதே, என் கண்ணு அவிஞ்சு போகுது." வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் எனக்கே அது வேறு யாரோ என்று தோன்றும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் காலையில் பின்னறைக் கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

"வணக்கம் அன்புத் தோழி, நல்லா இருக்கீங்களா?"

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு? காய்ச்சலா?"

"எதிர்மறையாப் பேசக்கூடாது தோழி. அது நம்ம வளர்ச்சியைத் தடுக்கும்."

கதை பிறகுதான் வெளியே வந்தது. ஃபோனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவளை ஒரு டைமண்ட் அக்கா பிடித்துவிட்டார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, பதவிதான் தெரியும். அவர் விற்பது ஒரு பச்சை நிறத் தூள். தினமும் காலையில் கரைத்துக் குடித்தால் கொஞ்ச நாளில் கண்ணாடியே வேண்டாமாம். குடிப்பவர் மற்றவர்களைச் சேர்க்க வேண்டும், அவர்கள் இன்னும் பலரைச் சேர்க்க வேண்டும். இப்படி ஒரு மரம் வளருமாம். குண்டூசியின் மரத்தில் எனக்கு வலது கிளை ஒதுக்கி வைத்திருந்தாள்.

"நான் எருமையாவே இருந்துட்டுப் போறேன். கிளையெல்லாம் வேணாம்" என்றேன்.

"அந்த வார்த்தையை விட்டுடுங்க தோழி, ப்ளீஸ்."

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடி வேண்டாத மருந்து விற்பது, சலூன்காரர் முடி வளராத எண்ணெய் விற்ற மாதிரிதான். முதலாளி சாயங்காலம் பவர் பார்க்க மட்டும் வருவார். அவரிடம் போய்ச் சொன்னேன். "நாலு நாள் கூத்து, விடும்மா" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டூசி தன் கண்ணாடியைக் கழற்றி, பழைய கண்ணாடிகள் போடும் பெட்டியில் போட்டுவிட்டாள். அந்த லென்ஸை அவளுக்காகத் தேய்த்தது நான். என் கையால் தேய்த்ததிலேயே அதுதான் தடிமன். யாரும் பார்க்காதபோது அதை எடுத்து என் மேசை டிராயரில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். தூள் வேலை செய்தது, அல்லது செய்த மாதிரி இருந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் பவர் பார்க்கும் நாற்காலியில் போய் உட்காருவாள். எதிர்ச்சுவரில் விளக்குப் பெட்டி, அதன் மேல் எழுத்துப் பலகை. மேலே பெரிய 'ப', கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். வெறுங்கண்ணோடு ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். முதல் வாரம் மூன்றாவது வரி வரை. அடுத்த வாரம் ஐந்தாவது. அதற்கப்புறம் கடைசி வரியே வந்துவிட்டது. "ட, ம, ய, ப, ர, ச!" என்று பின்னறை வரைக்கும் கேட்கும்.

அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. ஒரு நாள் அவள் பையிலிருந்த தூள் டப்பாவை மூடி திறந்து முகர்ந்துகூடப் பார்த்தேன். காய்ந்த புல் வாசனை.

மற்றபடி கண் தெரிந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை முட்டிக்கொண்டாள். அவள் புருஷன் பஸ் டிரைவர், பார்வையின் அருமை தெரிந்த ஆள். அவளுடைய ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டான். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "இது எந்த நம்பர் பஸ்?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள்.

"கடைசி வரி தெரியுது, பஸ் நம்பர் தெரியலையா?" என்று மடக்கினேன்.

"எழுத்துப் பார்வை முதல்ல வரும் தோழி. எண் பார்வை கொஞ்சம் லேட்டா வரும். அக்கா சொன்னாங்க."

பின்னறைக்குப் போய் மெஷினைப் போட்டுவிட்டேன்.

அந்த வாரமே அடுத்த இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. அன்று சாயங்காலம் கடையிலிருந்தே லைவ் வீடியோ. எல்லோர் கண் முன்னாலும் வெறுங்கண்ணோடு பலகையைப் படிக்கப் போகிறாள். நன்றாக முடிந்தால் கோல்டு பதவி. கோல்டு ஆனதும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மரம் வளர்ப்பாளாம்.

"மாசக் கடைசியோட நின்னுக்கறேன் தோழி. லைவுக்கு ஃபோனை நீங்கதான் பிடிக்கணும்."

போகிறேன் என்பதையும் 'நீங்க' போட்டுத்தான் சொன்னாள். அவள் இல்லாத கடையை நினைத்துப் பார்த்தேன். டீ ஆறிப்போகும், சொல்ல ஆள் இருக்காது. அன்று ஒரு லென்ஸை அளவுக்கு மேல் தேய்த்து வீணாக்கினேன்.

சனிக்கிழமை காலை. டீத் தண்ணீர் சுட வைக்க, முன்னறையில் இருந்த விளக்குப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் சொருகினேன். தண்ணீர் கொதித்ததும், பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்து, கெட்டிலோடு பின்னறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் வழக்கமான சத்தம். "ட, ம, ய, ப, ர, ச!" கணீரென்று, ஒரு எழுத்துப் பிசகாமல்.

டீ எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றேன். பெட்டி எரியவில்லை. ஷட்டரும் பாதிதான் தூக்கியிருந்தது. அந்த இருட்டில், நல்ல கண் உள்ள எனக்கே பலகை ஒரு சாம்பல் நிறச் சதுரமாகத்தான் தெரிந்தது.

முதலில் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. பிறகுதான் விஷயம் உறைத்தது. வருடக்கணக்காக அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டுவது இவள் வேலை. சொந்த வீட்டு மாடிப்படி காலுக்குப் பழகுவதுபோல அந்த எழுத்துகள், விளக்கு எரிகிறதா என்றுகூடக் கவனிக்காத அளவுக்கு, இவள் நாக்குக்குப் பழகிவிட்டன. கண் மங்கலாக எதையோ காட்டியது, மீதியை மனப்பாடம் நிரப்பியது. அவள் எங்களை ஏமாற்றவில்லை. தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டிருந்தாள், அதுவும் தனக்கே தெரியாமல்.

அதற்குள் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். அன்று முழுவதும் தனியாகப் பேச முடியவில்லை. பேசினாலும் 'எதிர்மறை' என்று காதைப் பொத்திக்கொள்வாள். வாயால் சொல்லி ஆகிற காரியம் இல்லை இது.

ஞாயிறன்று அவளுக்கு முன்னால் கடைக்குப் போனேன். எழுத்துப் பலகைக்குப் பின்பக்கமும் உண்டு, அதில் வேறு எழுத்துகள். காத்திருக்கிறவர்கள் முன்னால் போனவர் படிப்பதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள், அதற்காக. ஒரு தடவை லைசென்ஸுக்காக வந்த லாரி டிரைவர் ஒருவர் அப்படி ஒப்பிக்க, சட்டென்று பலகையைத் திருப்பிப் போட்டுக் கையும் களவுமாகப் பிடித்ததே குண்டூசிதான். "காது நல்லா இருக்குண்ணே. கண்ணுதான் இல்ல" என்று அன்று அவள் சொன்னதைக் கேட்டு அந்த டிரைவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பலகையைத் திருப்பி மாட்டி விளக்கைப் போட்டேன்.

புதுப் புடவையும் கோல்டு கனவுமாக வந்தாள். "ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம்" என்றேன். உட்கார்ந்தாள், படித்தாள். ப-வில் தொடங்கி ட, ம, ய, ப, ர, ச வரை தங்குதடையில்லாமல்.

அவள் கையைப் பிடித்து எழுப்பி, மூக்கு இடிக்கும் தூரத்துக்கு அழைத்துப்போய் நிறுத்தினேன். அவள் உற்றுப் பார்த்தாள்.

"இது... 'வ'-ல்ல?"

"ஆமா."

"பின்பக்கமா?"

"ஆமா. நேத்து காலையில நீ கடைசி வரி படிச்சப்ப லைட்டே எரியல. பிளக்கைப் பிடுங்கினது நான்."

நாற்காலியைத் தடவிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நிரூபித்துவிட்டேன் என்ற மகிழ்ச்சி துளிக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து டைமண்ட் அக்கா அழைத்தார். குண்டூசி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெடியா அன்புத் தங்கையே?"

"அக்கா, எனக்கு எழுத்து தெரியலக்கா. எல்லாம் மனப்பாடம்."

"அட, இன்னும் நல்லதாப் போச்சே! மனப்பாடம் இருக்கறப்ப கண்ணு எதுக்கும்மா? தைரியமாப் படிங்க. பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

குண்டூசி பலகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள். ஃபோனை என்னிடம் நீட்டினாள். "முன்பக்கத்தைத் திருப்பி மாட்டிடுங்க தோழி."

ஆந்தையை ஆந்தை என்று சொன்ன வாயா இது? எனக்கு வந்த கோபத்தில் பலகையைப் படாரென்று திருப்பி மாட்டினேன். ஃபோனைத் தூக்கி லைவை ஆரம்பித்தேன். அவள் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார், பழைய வாடிக்கையாளர்கள் என்று ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள்.

"அன்புத் தோழிகளே, வணக்கம். நான் இப்ப கண்ணாடி போடல. படிக்கிறேன், பாருங்க." படித்தாள். கடைசி வரி வரை. திரையில் இதயங்கள் பறந்தன. எனக்கு ஃபோனைக் கீழே போட்டுவிடலாம் போல இருந்தது.

"இருங்க, இன்னும் முடியல. தோழி, லைட்டை அணைங்க."

அணைத்தேன். அறை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் மறுபடியும் கணீரென்று வந்தது. "ட, ம, ய, ப, ர, ச!"

விளக்கைப் போட்டேன். "என்ன எழுதியிருக்காங்க? படிங்க" என்றாள்.

"'அற்புதம்'னு ஒருத்தர் போட்டிருக்காங்க. 'இருட்டுலயே தெரியுதா, எனக்கு ரெண்டு டப்பா'ன்னு உன் சித்தி."

குண்டூசி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சித்தி! இருட்டுல யாருக்காவது எழுத்து தெரியுமா? பூனையாலகூடப் படிக்க முடியாது! கொஞ்சம் யோசிங்க! நான் இந்தக் கடையில தினமும் குச்சியை வெச்சுக்கிட்டு இதைத்தான் காட்டிக்கிட்டு இருக்கேன். எல்லாம் மனப்பாடம். தூளும் இல்ல, மண்ணும் இல்ல. எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஏய் எருமை, பலகையைத் திருப்புடி!"

எனக்குக் காது குளிர்ந்தது. ஒரு கையில் ஃபோனும் மறு கையில் பலகையுமாகத் திருப்பினேன். எப்படித் திருப்பினேன் என்று இப்போதும் தெரியாது.

"இப்பப் பாருங்க. மேல ஒரு கறுப்பு. அதுக்குக் கீழ ரெண்டு கறுப்பு. அதுக்கும் கீழ எறும்பு ஊருது. எனக்கு வாய் நல்லா இருக்கு. கண்ணுதான் இல்ல. சித்தி, உங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மத்த வேலையைப் பாருங்க."

டைமண்ட் அக்கா வெளியேறிவிட்டதாகத் திரை காட்டியது. லாரி டிரைவர் அண்ணன் மட்டும் சிரிப்புப் பொம்மைகளாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுது. என் மூஞ்சியில முழிக்காத தூரத்துக்குக் கோல்டு போயிடுச்சு" என்று அவள் பெருமூச்சு விட்டாள். "அந்தப் பழைய பெட்டியில என் கண்ணாடி கிடக்கும். தேடிக் கொடு எருமை."

"பெட்டியில இல்ல" என்று சொல்லி, டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாளும் துடைத்துத் துடைத்து வைத்திருந்ததால் கடையிலேயே அதுதான் அதிகம் பளபளத்தது.

மாட்டிக்கொண்டாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏண்டி அழுதுட்டு நிக்கற?"

"நான் எங்க அழுதேன்?"

"இப்பதான்டி எனக்குக் கண்ணு தெரியுது. யார்கிட்ட கதை விடற?" என்று என் கன்னத்தைத் தன் புதுப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "அதுவும் மறுபடியும் அந்த மஞ்சள் டிரஸ். உன்னைப் பாக்காமலே இருந்திருக்கலாம்."

அப்போதுதான் ஃபோன் இன்னும் லைவில் ஓடிக்கொண்டிருப்பது இருவருக்கும் தெரிந்தது. என் கையிலிருந்து அதைப் பிடுங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடைசியாக வந்திருந்த வரியை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அவள் புருஷன் எழுதியிருந்தான்.

"ஸ்கூட்டர் சாவி ஃபிரிட்ஜ் மேல இருக்கு."