பெரியவர் சொன்ன ரீடபுள்

தோற்றவர் வீட்டில் அப்பா. ஒப்பந்தம் அவ்வளவுதான். அண்ணனும் தம்பியும் மாதக்கணக்கில் பேசியும் தீராததை பிரிட்ஜ் ஆடித் தீர்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. சண்டையே போடாத குடும்பம் என்று பெயர் வாங்கியவர்கள்.

அண்ணன் பல் டாக்டர். அவர் மனைவிக்குச் சீட்டு வராது. ஆகவே டாக்டருக்கு ஜோடியாக அப்பாவே உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் தம்பியும், கல்லூரியில் கணக்கு நடத்தும் அவன் மனைவியும். தம்மை யார் தலையில் கட்டுவது என்ற ஏலத்தில் பெரியவரே ஏலம் கேட்க வேண்டியிருந்தது.

அவருக்கு டாக்டர் வீட்டிலேயே இருந்துவிட ஆசை. அங்கே என்ன பாசம் கொட்டுகிறது என்று கேட்காதீர்கள். கீழ்த்தளத்தில் ஓர் அறை, இரண்டு தெரு தள்ளி கிளப், கிளப்பில் நாலாவது கைக்காகக் காத்திருக்கும் மூன்று கிழவர்கள். தம்பி வீடு ஐந்தாம் மாடி. லிப்ட் உண்டு, ஓடாது. முட்டி தேய்ந்தவர் ஒருமுறை ஏறினால் ஏறியதுதான்; அடுத்து இறங்குவது நாலு பேர் தோளில்.

ஆக, அவர் தோற்க வேண்டும். கிளப் சாம்பியனாகவே கிழவரானவருக்கு இதைவிடச் சிரமமான வேலை கிடையாது. ஆட்டம் சமநிலையில் கடைசிச் சுற்று வரை வந்துவிட்டது.

டாக்டர் "ஒரு ஸ்பேட்" என்று ஏலத்தைத் தொடங்கினார். அடுத்து சின்ன மருமகள் "டபுள்" என்றாள். புதிதாக ஆடுபவர்கள் இதைக் கேட்டு மிரண்டுவிடுவார்கள். மிரட்டல் இல்லை, கோரிக்கை. 'என் கை நல்ல கை, ஸ்பேட் மட்டும் எனக்கு ஆகாது, உன்னிடம் உருப்படியாக எது இருக்கிறதோ அதைச் சொல்லித் தொலை' என்று ஜோடியைக் கேட்பது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் புருஷனிடம் கேட்டுக்கொண்டிருப்பதும் ஏறக்குறைய அதைத்தான்.

பெரியவர் தம் சீட்டைப் பார்த்தார். ஏஸ் இல்லை, ராஜா இல்லை, ராணி இல்லை, ஒரு ஜாக்கிகூட இல்லை.

"ரீடபுள்" என்றார்.

பத்துப் பாயிண்டுக்குக் குறையாமல் கையில் இருக்கிறது, ஆட்டம் எங்களுடையது, வா பார்க்கலாம் என்று அதற்கு அர்த்தம். பச்சைப் பொய். ஏஸ் முதல் ஜாக்கி வரை பெரிய சீட்டுகளுக்கு, நாலு கையிலும் சேர்த்து மொத்தம் நாற்பது பாயிண்ட். மூத்தவனிடம் பதின்மூன்று, மருமகளிடம் பதின்மூன்று, மீதியெல்லாம் சின்னவனிடம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். மூத்தவன் தரைமட்டம், அபராதம் பல மடங்கு, அறை தங்கிவிடும்.

சின்னவன் பாஸ். டாக்டர் பாஸ். மருமகள் நினைத்தால் கிளாவர் என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் மாமனாரைப் பார்த்தாள். நல்ல கை வந்தால் சீட்டை மடக்கி மேசையில் போடுகிறவர், இப்போது மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. கிழவர் தோற்கப் பார்க்கிறார். அவர் தோற்றால் அவளுக்கு லாபம். அவளும் பாஸ் என்றாள். இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை.

இனி பெரியவர் டம்மி. சீட்டைத் திறந்து மேசையில் பரப்பிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பரப்பினார். டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். ஆனால் அவர் கையில் இருந்தது பதின்மூன்று அல்ல, இருபத்தொன்று. பெரியவர் மூத்தவனை எப்போதுமே குறைத்துத்தான் எடை போடுவார். பல்லுக்குப் படிக்கிறான் என்றபோது, மிச்ச உடம்பை யார் பார்ப்பது என்று கேட்டவர். எடுக்க வேண்டிய பிடி ஏழு. ஏழையும் டாக்டர் மயக்க ஊசி போடாமல் பிடுங்கினார். வெறும் ஒரு ஸ்பேட் எதற்கும் உதவாது. ரீடபுள் புண்ணியத்தில் மதிப்பு நாலு மடங்காகி அதுவே கேம் ஆயிற்று, ஆட்டமும் டாக்டர் பக்கம் முடிந்தது.

ஐந்தாம் மாடி மருமகளின் கண்ணில் வந்து நின்றது. டம்மியின் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

"இந்தக் கைக்கு யாராவது ரீடபுள் சொல்வாங்களா? மாமா கொஞ்ச நாளாவே இப்படித்தானா?" குரலில் அத்தனை கனிவு.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "அப்பா, தெரிஞ்சா சொன்னீங்க?"

தெரிந்துதான் என்றால், எதற்கு என்பான். உன் வீட்டிலேயே இருக்க என்று கெஞ்ச வேண்டிவரும். பெரியவர் மருமகளைப் பார்த்தார். உண்மை தெரிந்த ஒரே சாட்சி சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தது.

"பத்துப் பாயிண்ட் இருக்குன்னு நெனச்சேன்டா."

"பாத்தீங்களா? இவரை வீட்ல தனியா விட்டுட்டு நாங்க எப்படி வேலைக்குப் போறது? பால்கனி வேற இருக்கு," என்றாள்.

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் தோன்றாத மூன்றாவது வழி இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. டாக்டரே முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தார். அறை இருந்தது. மனசு கேட்காமல், அங்கே சீட்டாடுவார்களா என்றும் விசாரித்தார்.

"ஆடுவாங்களாம்பா. கழுதை ஆடுவாங்களாம்."

"அது எனக்கே வரும்," என்றான் சின்னவன்.