சிங்க்கைச் சுற்றி ஒரு வரப்பு

நீலமேகத்துக்கு மருமகள் மேல் பாசம் அதிகம். அதுதான் சுவேதாவுக்கு வந்த வினை. வாரம் தவறாமல் அவளுக்கென்றே பால்சுறா வாங்கி வந்து, புட்டு வைக்கச் சொல்லி, தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார்.

தரங்கம்பாடிக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில், சமையலறை சிங்க் ஓரமாகத் தண்ணீர் கசிகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், படகுக்குப் பூசுகிற கறுப்புப் பசையோடு மாமனார் வந்து நின்றார். ஆயுசு பூரா படகு ஓட்டை அடைத்த கை, சும்மா இருக்குமா? சுற்றிவர இழுத்துப் பூசினார். அது ஓரத்தில் பிளந்ததும், பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. அப்புறம் அதற்கும் மேலே ஒன்று. அவள் முகம் லேசாகச் சுருங்கினாலே போதும், மனுஷன் பசை டப்பாவைத் தேடப் போய்விடுவார்.

இப்போது சிங்க்கைச் சுற்றி நெல்வயல் வரப்பு மாதிரி ஒரு கரை. படகுக்காரருக்குத் தெரிந்தது ஒரே கணக்கு: தண்ணீர் உள்ளே வரக்கூடாது. சிங்க்குக்கோ தண்ணீர் உள்ளேதான் போக வேண்டும். மேடையில் சிந்தின தண்ணீர் கரை தாண்ட முடியாமல் தேங்கி, நாறி, தரையில் வழிந்தது. முந்தாநாள் மாமியார் எல்லையம்மாள் அதில் வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த அம்மாள் இடுப்பு உடையும். திறந்தால் அந்த மனுஷன் மனசு உடையும். சுவேதா யாரிடம் போய் அழுவாள்?

மாமனார் மீன் ஏலத்துக்குப் போன நேரம் பார்த்து, பிளேடும் பழைய தோசைத்திருப்பியுமாகக் கிளம்பினாள். மேல்பூச்சு வந்தது. அடிப்பூச்சு அசைவேனா என்றது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் மீன் பையோடு நீலமேகம்.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அவள் சுரண்டிப் போட்டிருந்த சுருள்களை அவர் பார்த்தார், தேங்கி நின்ற தண்ணீரைப் பார்த்தார். பையை வைத்துவிட்டு, அவளுடைய ஹேர் டிரையரை எடுத்துவரச் சொன்னார். சூடு காட்டினால் இளகுமாம், பிளேடைப் படுக்கப் போட்டு இழுக்க வேண்டுமாம். அவள் சூடு காட்ட, அவர் இழுக்க, அடிப்பூச்சு ரிப்பன் மாதிரி உரிந்து வந்தது. கீழே ஒரே பூஞ்சை. பெயின்ட் தின்னர் நனைத்த துணியால் அதையும் அவரே துடைத்தார். அப்புறம்தான் கேட்டார்.

"ஓட்டை இருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச புள்ளைக்கு, பூசுனது சரியில்லன்னு சொல்லத் தெரியாதாம்மா? எங்கிட்ட என்ன பயம்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மாமா என்றாள். மனசாவது மண்ணாங்கட்டியாவது, இது உன் வீடு, பிடிக்காததைப் பிடிக்கலைன்னு சொல்லிப் பழகு என்றார்.

சுவேதா மீன் பையைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் தவித்தாள்.

"மாமா, எனக்குச் சுறாப்புட்டு பிடிக்காது."

நீலமேகம் பிளேடைக் கீழே வைத்துவிட்டார். பின்னே என்னதான் பிடிக்கும் என்று கேட்டார். நெத்திலி என்றாள். ஏலம் முடிந்திருக்கும் என்று தெரிந்தும், சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்து, எல்லையம்மாள் மருமகளின் தோளைப் பிடித்தார்.

"எனக்கும் அது ஆகாதுடி. நாப்பது வருஷமா தின்னுக்கிட்டிருக்கேன்."