இரைச்சலில் கேட்கும் காது

எனக்குக் காது மந்தம் என்று யாராவது சொல்லியிருந்தால், சலவைக்கூடத்துக்கு வந்து பார் என்று சண்டைக்கே போயிருப்பேன். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கிற இடம் எங்களுடையது. மெஷின் ஒவ்வொன்றும் ஆள் உயரம். பிழியும் மெஷின் வேகமெடுத்தால் தரை அதிரும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் அந்த இரைச்சலில் ‘என்ன, என்ன’ என்று கையை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். நானோ ரேடியோ அக்காவின் ஊர்க்கதையை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டே, மேற்பார்வையாளர் எட்டத்திலிருந்து கத்துவதற்கும் பதில் சொல்லிவிடுவேன். “உனக்குப் பாம்புக் காதுடீ” என்பாள் அக்கா.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் அவள். படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, மடித்து, நெருங்கி வந்து முனைகளைச் சேர்ப்போம். அவள் வாய் ஓயாது, அதனால்தான் அந்தப் பெயர். கம்பெனி கொடுத்த காதடைப்பானை நூலோடு கழுத்தில் மாலையாகத் தொங்கவிட்டிருப்பாள். நானும் அப்படித்தான். காதை அடைத்துக்கொண்டால் அவள் கதையை யார் கேட்பது?

வீட்டில்தான் வம்பு. என் வீட்டுக்காரருக்கு நூலகத்தில் வேலை. அங்கே மெதுவாகப் பேசிப் பேசி, எதையும் காதும் காதும் வைத்த மாதிரிதான் சொல்லுவார். கல்யாணமான புதிதில் அந்தக் குரலுக்காகவே அவரைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். மகள் பிறந்த பிறகு மனிதர் மாறிவிட்டார் என்று நினைத்தேன். முணுமுணுக்கிறார், பாதியை விழுங்குகிறார். ‘என்ன’ என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று எழுந்து போகிறார். எனக்கென்ன தலையெழுத்தா, கெஞ்சிக் கெஞ்சிக் கேட்க? நானும் கேட்பதை விட்டுவிட்டேன். மகள் மட்டும் எதற்கெடுத்தாலும் தொண்டை கிழியக் கத்துவாள். அவளோடு எனக்கு ஒரு தகராறும் இல்லை.

அவர் போட்ட கணக்கு வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, பேசினாலும் வேண்டாவெறுப்பாக முனகுகிறேன், கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒருமுறை சலவைக்கூட வாசலில் நின்று, நான் அக்காவோடு சிரித்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறார். அந்தக் கூச்சலில் கேட்கிற காது வீட்டில் ஏன் கேட்கவில்லை? இவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஒரு நாள் மதியம் அவர் சலவைக்கூடத்துக்குள்ளேயே வந்து நின்றார். மெஷின்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அவரும் கத்தித்தான் ஆகவேண்டியிருந்தது.

“திங்கக்கிழமை நான் கிளம்பறேன்!”

“எங்கே?”

“எங்கேயா? எனக்கு மாத்தல் வந்து எவ்வளவு நாளாச்சு! நீயும் வர்றியான்னு எத்தனை தடவை கேட்டேன்! படுக்கையில கேட்டேன், சமையக்கட்டுல கேட்டேன். நீ முதுகைக் காட்டிக்கிட்டு நின்னே. மாட்டேன்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!”

விரிப்பின் முனை என் கையிலிருந்து நழுவியது. “பொய் சொல்லாதீங்க! எங்கிட்ட நீங்க எதையுமே கேட்கல!” என்று நானும் கத்தினேன். நாங்கள் அப்படிச் சண்டை போட்டதே இல்லை. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனிதர் ஒருவழியாக வாயைத் திறந்து பேசுகிறாரே.

அப்போது பிழியும் மெஷின் ஓடி நின்றது. அடுத்ததும் நின்றது. கூடம் அடங்கியதும் அவர் குரலும் தன்னால் தணிந்தது. அவர் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கே எல்லோருக்கும் கேட்ட ஏதோ ஒன்று எனக்கு மட்டும் வந்து சேரவில்லை.

“என்னக்கா சொல்றாரு?”

அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் காதோரம் உரக்கச் சொன்னாள். “நீ இல்லாம அங்கே போய் நான் என்ன பண்ணப் போறேன்னு கேட்கறாருடீ. ஏண்டீ, நெசமாவே உனக்குக் கேட்கலையா?”

அவரைப் பார்த்தேன். கோபம் போன இடம் தெரியவில்லை, பயந்துபோய் நின்றார்.

மறுநாளே காது டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா இரண்டு கிளையாகப் பிரிந்த இரும்புக் கவை ஒன்றைத் தட்டி என் காதுக்கு எதிரே பிடித்தார். ஒன்றுமில்லை. அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். தலைக்குள்ளே ரீங்காரம் தெளிவாகக் கேட்டது.

“உள்காது நல்லாருக்கு” என்றார், எனக்குக் கேட்கும்படி உரக்க. “நடுவுல அரிசியைவிடச் சின்னதா ஒரு எலும்பு உண்டு. அது அசைஞ்சாத்தான் சத்தம் உள்ளே போகும். உங்களுக்கு அது இறுகிப்போச்சு. பிள்ளை பெத்த பிறகு சிலருக்கு இது அதிகமாகும்.”

“அந்த இரைச்சல்ல மட்டும் எப்படிக் கேட்குது?” என்று இவர் கேட்டார்.

“அங்கே எல்லாரும் கத்திப் பேசறாங்க. மெஷின் சத்தமும் மத்தவங்களுக்கு இருக்கிற அளவுக்கு இவங்களுக்குத் தொந்தரவா இருக்காது. வீட்டுல மெதுவா பேசினா எதுவும் உள்ளே போகாது. ஆனா இவங்க குரல் இவங்களுக்குத் தலைக்குள்ள பெரிசா கேட்கும். அதனாலதான் இவங்களும் மெல்லப் பேசறாங்க.”

இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேஷனில் அந்த எலும்புக்குப் பதிலாக வேறொன்று வைக்கலாம், பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் கேட்கும், அதுவரைக்கும் காதில் கருவி மாட்டிக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. “வேலை செய்யற இடத்துல அடைப்பான் போடறீங்களா?”

“போடறேன்... கழுத்துல.”

முறைத்தார். “இரைச்சல் உள்காதைக் கெடுத்துட்டா எந்த ஆபரேஷனும் அதைத் திருப்பித் தராது. இனிமே காதுல போடுங்க. சரி, உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினேன். என் அம்மா. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், எதைக் கேட்டாலும் முனகுவாள். அப்பா வீட்டு மனிதர்களிடம் திமிர் பிடித்தவள் என்றே பெயர் வாங்கி, அந்தப் பெயரோடே போய்ச் சேர்ந்தாள். அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

வீட்டுக்கு வந்தோம். அவர் பாதி கட்டிய பெட்டி கூடத்தில் கிடந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எதிரே நின்று கத்திப் பேசிப் பார்த்தார். நாலு வார்த்தைக்குள் இருமல் வந்துவிட்டது, பாவம். கொஞ்சநேரம் யோசித்தவர் என் பின்னால் வந்து உட்கார்ந்தார். டாக்டரம்மா கவையை வைத்த அதே இடத்தில் தன் முகவாயை அழுத்தி வைத்தார். தாடி முள் குத்தியது.

“நீயும் வர்றியா?”

அந்தப் பழைய குரல். கத்தாமல், நூலகத்தில் பேசுகிற மாதிரியே கேட்டார். இத்தனை வருஷமாக எங்கே போயிற்று என்று நான் தேடிய குரல் என் தலைக்குள் வந்து உட்கார்ந்தது.

“கேட்கல” என்றேன். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

மறுபடி முகவாயை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். “ம்ஹூம், சரியா விழல” என்றேன். இன்னும் நெருங்கி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். அப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது.

“ஏய், உனக்குக் கேட்குதுல்ல?”

“முதல் தடவையே கேட்டுச்சு” என்றேன். “வர்றேன்.”