ஆறாவது கேள்வி

டாக்டர் ஹெலன் சங்கரன்கோவிலில் தனியாகக் கிளினிக் நடத்திவந்தார். கொரோனா இரண்டாம் அலையின்போது குடும்ப மருத்துவர்கள் சிலர் சேர்ந்து செய்த ஆய்வொன்றில் அவரும் இருந்தார். தொற்று வந்த நோயாளிகளை நர்ஸ் விஜிதா போனில் கூப்பிட்டு, படிவத்தில் உள்ள கேள்விகளைக் கேட்டு எழுதுவாள். காய்ச்சலுக்கு முந்தைய பத்து நாளில் எங்கெல்லாம் போனீர்கள் என்பது ஆறாவது கேள்வி.

மே கடைசியில் ஒரு மத்தியானம், விஜிதா பதினோரு படிவங்களைத் தனியாக எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"மேடம், இவங்க யாருமே வேற எங்கயும் போகல. மாத்திரை வாங்க நம்ம கிளினிக்குக்கு மட்டுந்தான் வந்திருக்காங்க. எல்லாரும் ஒரே நாள். ஏப்ரல் இருபத்தெட்டு."

ஹெலனுக்கு அந்தப் புதன்கிழமை நன்றாக நினைவிருந்தது. காலையில் காபி மணக்கவே இல்லை. ஜலதோஷமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். வாசலில் அறுபது பேர் நின்றார்கள். பக்கத்துக் கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துவிட்டார். இரண்டு நாள் கழித்து டெஸ்ட் எடுத்தபோது பாசிட்டிவ்.

விஜிதா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். "வந்தவங்கள்ல யாராவது கொண்டு வந்திருக்கலாம்லா மேடம். இத மட்டும் விட்டுட்டு மத்தத அனுப்பிருவோமா?"

ஹெலன் படிவங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மேலே இருந்த படிவம் குருவிகுளம் மாரித்தாயுடையது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தும் பிழைக்காமல் போனவள். அவளுக்காகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருந்தவர் கணவர் காசி.

"எல்லாத்தையும் அனுப்பு. எனக்கு வாசனை போன தேதியையும் சேத்து எழுது," என்றவர், போனை எடுத்துக் காசியைக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, டாக்டர் ஹெலன் பேசுதேன். அக்காவுக்கு நோய் எங்கிட்ட இருந்து வந்திருக்கலாம். அன்னைக்கே எனக்கு உடம்பு சரியில்ல. தெரியாமப் பாத்துட்டேன்." நிறுத்தினார். "தெரியாமன்னும் சொல்ல முடியாது. லேசா சந்தேகம் இருந்துச்சு."



"இத ஏன் எங்கிட்ட சொல்லுதிய? உங்க மனசு லேசாகணும்னா?"

"இல்ல அண்ணாச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"அப்பம் மத்தவங்களுக்கும் சொல்லுங்க. ஒருத்தர் விடாம."

லைன் துண்டிக்கப்பட்டது.

சாயங்காலத்துக்குள் மற்றப் பத்துப் பேருக்கும் சொல்லி முடித்தார். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். இருவர் அதன்பிறகு அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. மறுநாள் கிளினிக் வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளை வெளியே தள்ளிப் போட்டார்கள்.

ஜூலையில் ஒருநாள் அந்தப் பந்தலில் காசி உட்கார்ந்திருந்தார். விஜிதா உள்ளே ஓடிவந்து சொன்னாள். ஹெலனே எழுந்து போய் அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினார். நூற்றெண்பது.

"மாத்திரை போடலையா அண்ணாச்சி?"

காசி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவதான் எடுத்துத் தருவா."

ஹெலன் உள்ளே போய், காலைக்கும் ராத்திரிக்குமாகத் தனித்தனிக் கவர்களில் மாத்திரைகளைப் போட்டு எடுத்து வந்து நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்து காசி வாங்கிக்கொண்டார்.