ஆளுக்கு இரண்டு கழி

பேரீச்சங்கழிகளைப் பாயின் இரு ஓரங்களிலும் வைத்துக் கட்டிவிட்டாள் பிலின்னா. அப்பாவை எத்தனை பேர் தூக்குவது என்பதில்தான் கணக்கு இடித்தது.

பாபிலோன் வெயில், மாலைவரை உடம்பு தாங்காது; கோட்டைக்கு வெளியே இருந்த இடுகாட்டுக்கு உடனே கொண்டுபோக வேண்டும். "ரெண்டு பசங்களும் தூக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் அப்பா அத்தினாஸ். ஆனால் ராஜா வாரிசைச் சொல்லாமல் செத்ததிலிருந்து படையே இரண்டாகக் கிடந்தது. ராணியின் வயிற்றுப் பிள்ளைக்காகக் காத்திருக்கும் குதிரைப்படை கோட்டைக்கு வெளியே. அதில் அண்ணன் தெர்தாஸ். ராஜாவின் மாற்றாந்தாய்ச் சகோதரனை அரியணையில் ஏற்றிவிட்ட காலாட்படை உள்ளே; இதில் தம்பி கோர்கோஸ். பிரிந்த அன்று அப்பாவின் கட்டிலருகிலேயே இருவரும் வாளை உருவினார்கள்.

"டேய், அந்த வாளைக் கழட்டி வச்சுட்டு வா," என்றாள் பிலின்னா தம்பியிடம்.

"அவன் கழட்டட்டும், நானும் கழட்டுறேன்," என்றான் கோர்கோஸ்.

பக்கத்து வீட்டு பீர்க்கடைக்காரர் பேல்ஷுனு கழியின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தார். "நாலு பேரா தூக்குவோம், பிலின்னா. ஆளுக்கு ஒரு கை போதும். உங்கப்பன் லேசான ஆளா? என் கடை பீர்ல பாதி அவர் வயித்துலதான் இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. தம்பியின் இடுப்பு வாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளுக்கு ஒரு கை என்றால் மற்றக் கை?

"வேண்டாம் மாமா. நீங்க முன்னாடி பிடிங்க, இவன் பின்னாடி. கோட்டை வாசல் வரைக்கும்தான்."

கோட்டை வாசல் கதவு ஓராள் அகலத்துக்குத் திறந்தது. வெளியே, அவள் சொல்லியனுப்பியபடி வந்திருந்த தெர்தாஸ் குதிரையிலிருந்து இறங்கினான். அவன் கையும் வாள்பிடி மேல்தான் இருந்தது.

"அண்ணே, முன்பக்கத்தைப் பிடி."

"இவனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?"

"மாமாவுக்குக் கை நடுங்குது பாரு."

உண்மையிலேயே நடுங்கியது. அப்பாவின் கால்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. தெர்தாஸ் வாள்பிடியை விட்டான். திரும்பி நின்று கழிமுனைகளை வாங்கிக்கொண்டான்.

நடந்தார்கள்.

"முன்னாடி பள்ளம்," என்றான் கோர்கோஸ்.

தெர்தாஸ் இடப்பக்கம் ஒதுங்கினான்.

முன்னால் ஒருவன், பின்னால் ஒருவன். ஆளுக்கு இரண்டு கழி, இரண்டு கை. யார் ஒரு கையை எடுத்தாலும் அப்பா கீழே விழுந்துவிடுவார்.