புதுவீட்டு ஆத்மநாதன்

கறம்பக்குடிக்குத் தெற்கே ஒரு ஊரில் ஆத்மநாதன் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். மொய் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. ஒருவர் ரைஸ்மில் ஆத்மநாதன், இன்னொருவர் வாத்தியார் ஆத்மநாதன். செல்வராணியின் புருஷனுக்கு மட்டும் பட்டப்பெயர் எதுவும் அமையாமல், தேங்காய் வண்டிக்காரர் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். கஜா புயலில் ஓட்டுவீடு தரைமட்டமாகி, ஒரு ஹவுசிங் லோன் கம்பெனியில் கடன் வாங்கிக் காங்கிரீட் வீடு எழுப்பிய பிறகுதான் அவர் புதுவீட்டு ஆத்மநாதன் ஆனார். அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் செல்வராணிக்கு நகை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். அவள் நகையும் அந்த வீட்டுக்குள்தான் போயிருந்தது, ஆகையால் அது நியாயமான சந்தோஷம்தான்.

ஆறு வருஷம் தவணை ஒழுங்காகப் போனது. போன வருஷம் திருவோணம் சாலையில் அவர் ஓட்டிய குட்டியானை வண்டி தேங்காய் லோடோடு கவிழ்ந்து, ஆத்மநாதனின் வலது காலுக்குள் பிளேட் வைத்தார்கள். எட்டு மாதம் வண்டி ஓடவில்லை, தவணையும் ஓடவில்லை. கம்பெனியிலிருந்து இரண்டு ரிஜிஸ்டர் தபால் வந்தது. அறுபது நாளைக்குள் மொத்தக் கடனையும் கட்டு என்று முதலாவதில் இருந்தது. வீட்டைச் சட்டப்படி எங்கள் வசம் எடுத்துக்கொண்டோம் என்று இரண்டாவதில் இருந்தது. யாரும் வந்து வீட்டைப் பூட்டவில்லை என்பதால் இரண்டையும் டிவி பெட்டிமேல் வைத்துவிட்டு, அவர் நொண்டிக்கொண்டே புதுக்கோட்டை ஆபீசுக்குப் போனார். ஆடியில் மொய் விருந்து வைக்கிறோம், மொத்தமாகக் கட்டிவிடுகிறோம் என்று சொன்னார். அங்கே இருந்தவர் சரி பாருங்க என்றார். ஆத்மநாதனுக்கு அது வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டதற்குச் சமம். யார் வந்து எதைச் சொன்னாலும் ஆபீசில் அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

மொய் விருந்தை நம்பினார் என்று அவரைப் பழிக்க முடியாது. அந்தப் பக்கத்தில் ஆடி, ஆவணி வந்தால் தெருவுக்குத் தெரு பந்தல்தான். விருந்து வைக்கிறவர் கிடா வெட்டிச் சோறு போடுவார். வருகிறவர்கள், அவர் முன்னால் தங்களுக்குச் செய்த மொய்யைத் திருப்பிப் போட்டுவிட்டு மேலே புதிதாகவும் ஒரு தொகை வைப்பார்கள். அந்தப் புதுத்தொகையை அவர் அடுத்தடுத்த வருஷங்களில் அவரவர் விருந்தில் திருப்ப வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை, நோட்டில் பெயர் மட்டும்தான். ஆனாலும் ஏமாற்றினவன் என்று அந்த வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆத்மநாதன் கால் ஒடிந்து கிடந்தபோதுகூட நாலு இடத்துக்கு மொய் கொடுத்தனுப்பியவர். இந்த வருஷம் அவர் முறை, ஆடி இருபது என்று தேதி குறித்துப் பத்திரிகையும் அடித்தாயிற்று.

ஜூலை ஒன்பதாம் தேதி உச்சிவெயிலில் பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். செல்வராணி மட்டும்தான் வீட்டில் இருந்தாள். வாசல் சுவரில் பசை தடவி ஒரு பெரிய தாளை ஒட்டி, போனில் படம் எடுத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். பத்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆகஸ்ட் பதினொன்றில் வீடு ஆன்லைனில் ஏலம் என்றிருந்தது. உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்தாள். விருந்து ஆகஸ்ட் ஐந்து. இடையில் ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளைத்தான் அவள் நம்பினாள். ஏலத்துக்குப் போகிற வீடு என்று தெரிந்தால் ஊர்க்காரர்கள் பழைய மொய்யை மட்டும் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு போய்விடுவார்கள், மேலே ஒரு ரூபாய் விழாது. புருஷனிடம் சொன்னால் அதைவிட மோசம். விஷயத்தை மறைத்து ஊரார் பணத்தை வாங்கக்கூடாது என்று பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிடுவார், அப்படிப்பட்ட மனுஷன். எனவே அவள் வெந்நீரை ஊற்றி, தோசைக்கரண்டியால் தாளைச் சுரண்டி எடுத்தாள். முக்கால்வாசி முழுசாக வந்தது. அதைக் காயவைத்துப் பழைய மொய் நோட்டு ஒன்றுக்குள் மடித்து வைத்தாள். சுவரில் பிடிவாதமாக நின்ற மிச்சத்தின் மேல் தங்கள் மொய் விருந்துப் பத்திரிகை ஒன்றை ஒட்டிவிட்டாள். சாயங்காலம் ஆத்மநாதன் அதைப் பார்த்துவிட்டு, நம்ம வீட்டுக்கே பத்திரிகையா என்று கேலி செய்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

ஆடி பதினாலாம் தேதி, பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் காலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பதினாறு கழியும்வரை பங்காளிகள் யாரும் விசேஷம் வைக்கக்கூடாது. ஊர் கூடி விருந்தை ஆவணி நாலுக்கு, ஏலத் தேதிக்கும் அப்பால், தள்ளிவைத்தது. கிடாக்காரர் மறுபேச்சில்லாமல் தேதியை மாற்றிக்கொண்டார், பந்தல்காரரும் மாற்றிக்கொண்டார். சாவு என்றால் யார்தான் மாற்ற மாட்டார்கள்? செல்வராணி அழுதது செத்தவருக்காக என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் கொல்லைப்பக்கம் போய், தாளில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள்.

"பங்காளி வீட்ல ஒரு துட்டி விழுந்துருச்சுங்க. பதினாறு கழிஞ்சு, விருந்து முடிஞ்சதும் முழுசா கொண்டாந்து கட்டிர்றோம். அதுவரைக்கும் தள்ளி வையிங்க."

"ஓகே மேடம், நோட் பண்ணிக்கிறேன்."

செல்வராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் பிறந்ததிலிருந்து நோட்டில் எழுதின எதுவும் மாறிப் பார்த்ததில்லை. எழுதிக்கொள்கிறேன் என்றால் எழுதினதுதான். ஆகஸ்ட் பதினொன்று வந்தபோது விடிந்ததிலிருந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தரும் வரவில்லை. இரவு குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தாள். ஏலம் என்றால் தமுக்கடித்து ஆள் கூடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

விருந்தில் ஒன்பது லட்சம் விழுந்தது. கடன் எட்டே முக்கால். கூட்டமெல்லாம் கலைந்தபின் ஆத்மநாதன் பிளேட் வைத்த காலை நீட்டி உட்கார்ந்து, இனிமே நிம்மதியா தூங்கலாம்டி என்றார். அவள் அந்த நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நாளைக்குப் பணத்தைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வோம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் இருவரும் பணப்பையோடு புதுக்கோட்டை ஆபீசுக்குப் போனார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். வீடு பதினொன்றாம் தேதியே ஏலம் போய்விட்டது, திருச்சிக்காரர் ஒருவர் எடுத்திருக்கிறார் என்றார். ஆத்மநாதனுக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம் குரல் உயர்ந்தது. ஏல நோட்டீஸ் என்று எங்கள் வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட வரவில்லை, எந்த ஊர் நியாயம் இது என்று கேட்டார். மேனேஜர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

படத்தில் அவர்கள் வீட்டு வாசல் இருந்தது. சுவரில் அந்தத் தாள் இருந்தது. நிலைப்படியைப் பிடித்தபடி செல்வராணி நின்றுகொண்டிருந்தாள்.

ஆத்மநாதன் வெகுநேரம் அதைப் பார்த்தார். பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. செல்வராணிக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"வந்துச்சுங்க. வீட்ல அன்னிக்கே சொன்னாக. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்றார் அவர்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நாலு பேர் முன்னால் கை நீட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை, வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஆபீஸ் வாட்ச்மேன் பார்த்துவிட்டு, கோர்ட் வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார். அங்கே பிரகதீஸ்வரி என்ற இளம் வக்கீல் இருந்தாள். செல்வராணி பைக்குள் கொண்டுவந்திருந்த பழைய மொய் நோட்டிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். வக்கீல் கிழிசலை ஒன்றாக வைத்து, தேதிகளைத் தனியாக எழுதிக்கொண்டு, பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் தபால் வந்ததுமே ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்திருக்கலாம், கம்பெனி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டாவது தபாலுக்கு அப்புறம் நாற்பத்தைந்து நாள், மதுரையில் கடன் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கலாம். ஏலத்துக்கு முந்தின வாரம் வந்திருந்தால்கூட, ஒரு பகுதியைக் கட்டுகிறோம் என்று சொல்லித் தடை கேட்டுப் பார்த்திருக்கலாம். பெண்களுக்கு இங்கே வக்கீல் பீஸே கிடையாது. செல்வராணி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். இத்தனை கதவு இருந்திருக்கிறது, ஒன்றைக்கூட அவள் தட்டவில்லை.

"போன்ல சொன்னதுக்கு எழுத்துல ஏதாச்சும் இருக்காம்மா?"

"நோட் பண்ணிக்கிறேன்னு சொன்னாகளே."

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள். இப்போதும் மனுப் போடலாம், போட்டுத் தருகிறேன், ஆனால் நோட்டீசிலும் நாள் கணக்கிலும் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை, பொய்யான நம்பிக்கை கொடுக்க மாட்டேன் என்றாள். ஏலப் பணத்தில் கடன் போக மிஞ்சுவது உங்களுக்குத்தான் சேர வேண்டும், அதை எழுதி வாங்கிவிடலாம், காலி செய்யக் கொஞ்சம் அவகாசமும் கேட்கலாம். அந்த இரண்டையும் அவள் சொன்னபடியே வாங்கிக் கொடுத்தாள். முப்பது நாள் கிடைத்தது.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று ஒருத்தரும் வாசலில் வந்து கேட்கவில்லை. வருகிறவர்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். ஆத்மநாதனும் கேட்கவில்லை. சோறு போடு, விளக்கை அணை, இவ்வளவுதான் அவர் பேச்சு. மொய்ப் பணத்தை அப்படியே பேங்கில் போட்டார். ஊரார் கொடுத்தது ஊராருக்குத்தான் என்றார். கடைசி நாள் சாமான்களைக் குட்டியானையில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்கு வாடகைக்குப் போனார்கள். வாசல் சுவரில் மொய்ப் பத்திரிகை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வராணி அதைத் தொடவில்லை.

அடுத்த ஆடியில் முதல் பத்திரிகை வந்தது. தங்கள் விருந்தில் பத்தாயிரம் புதிதாக வைத்த அய்யாக்கண்ணு வீட்டு விருந்து. இருவரும் போனார்கள். மொய் மேசையில் லேப்டாப்போடு ஒருவர் உட்கார்ந்திருந்தார், வெளியூர் ஆள். செல்வராணி பணத்தை நீட்டிப் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"இந்த ஊர்ல மூணு ஆத்மநாதன் இருக்காகன்னு சொன்னாகளே. எந்த ஆத்மநாதன்?"

அவள் பின்னால் வரிசை நின்றது. வாடகை வீடு என்று சொல்வதா, பஸ் ஸ்டாண்டு என்று சொல்வதா, தேங்காய் வண்டி என்று சொல்வதா, எதுவும் தெரியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆத்மநாதன் நொண்டிக்கொண்டே முன்னால் வந்து அவள் தோளில் கை வைத்தார். வீடு போனதிலிருந்து அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"புதுவீட்டு ஆத்மநாதன்னு எழுதுங்க. அய்யாக்கண்ணு வீட்டு நோட்டுல அப்படித்தான் இருக்கும், அப்பத்தான் அவுகளுக்குத் தெரியும்."

அந்த ஆள் அப்படியே தட்டிக்கொண்டு, ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுட்டுப் போங்க என்றார்.