காரணத்தை எழுதிக் கொடுங்க

“காரணத்தை எழுதிக் கொடுங்க சார்.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் அப்பா என்னை வளர்த்தார். எஸ்டேட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் கிராணியிடம் காரணம் கேட்டவருக்கு மறுநாளே மலை உச்சியில் வேலை போட்டார்களாம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கிராணியைப் பார்த்ததே இல்லை. இருந்தும் இரண்டு வருஷமாக இந்த அலுவலகத்தில் யாரிடமும் காரணம் கேட்டதில்லை.

எதிரே மேலாளர் யுகேந்திரன். நடுவில் என் பெயரில் அவர்களே அடித்து வைத்த ராஜினாமாக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளி. அலமாரி மேல், அவருக்கென்று அப்பா நேற்று காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போன முறுக்கு டப்பா இருந்தது.

என் வலது கால் பிறவியிலேயே சூம்பியது, ஊன்றுகோலோடுதான் நடப்பேன். போன மாதம் எங்கள் பிரிவை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் சரக்குக்கு மட்டும். பெட்டிகள் லிஃப்டில் போகும், நான் படியில். கீழேயே ஒரு மேசை கேட்டேன். இந்தக் கடிதம் வந்தது.

வக்கீல் தேடினேன். முதலாமவர் நிலப்பத்திரம் மட்டும் பார்ப்பாராம். இரண்டாமவர் விபத்து வழக்கில் பேர்போனவர். மோதியது மோட்டார் சைக்கிளா லாரியா என்று கேட்டார். பிறவியிலேயே என்றேன். “அப்போ யார் மேலம்மா கேஸ் போடறது?” என்றார்.

மூன்றாவது வக்கீல் வசந்தினியின் அலுவலகம் பொந்தியான் டவுனில், கடைவீட்டின் இரண்டாம் மாடியில். ஏறினேன். மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து, போன் அடித்திருந்தால் நானே கீழே வந்திருப்பேனே என்றார். அதை போர்டில் போடலாமே என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்.

மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். 2008-ஆம் ஆண்டுச் சட்டம். உரிமைகள் நிறைய. மீறினால் என்ன தண்டனை என்று தேடினேன். அந்தப் பக்கமே இல்லை. வசந்தினியும் இல்லை என்றுதான் சொன்னார். “ஆனா வேலைச் சட்டம் இருக்கு. அவங்க நீக்கினா அறுபது நாளுக்குள்ள புகார் கொடுக்கலாம். நீங்களே விலகினதா கையெழுத்துப் போட்டா, அப்புறம் ரொம்பக் கஷ்டம்.”

பிறகு ஓகேயு அட்டையைக் கேட்டார், மாற்றுத்திறனாளி என்று சமூக நலத்துறை கொடுப்பது. எடுக்கவே இல்லை. எடுத்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அப்பா தடுத்துவிட்டார். என் காலை ஊரே பார்த்திருக்கிறது. தெரியாதது அட்டை மட்டும்தான்.

இப்போது யுகேந்திரன் என் பழைய விண்ணப்பத்தை எடுத்துப் போட்டார். ‘உடற்குறை: இல்லை.’ கட்டத்தில் என் பேனா மை. டிக் போட வைத்தது அப்பா. குறை என்று போட்டால் நேர்முகத்துக்கே கூப்பிட மாட்டான் என்றார். நேர்முகத்தில் என் ஊன்றுகோல் அவர்களுடைய மேசையில்தான் சாய்ந்திருந்தது. யாரும் கேட்கவில்லை.

“தங்கச்சி மாதிரி நினைச்சு சொல்றேன் லோஷினி. நீயே இல்லைன்னு போட்டிருக்க. இப்ப படி ஏற முடியாதுங்கற. பொய் சொன்னது யாரு?”

“நான்தான். அதையும் எழுதுங்க. எனக்குக் குறை இல்லைன்னா, கால் காரணம் இல்லை. இருக்குன்னா, அதுதான் காரணம். ரெண்டுல எதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். மாட்டினார். அப்பா எவ்வளவு நல்ல மனுஷன், நேற்று வந்து எவ்வளவு கெஞ்சினார் தெரியுமா என்றார். முறுக்கு கொடுத்தது தெரியும், கெஞ்சியது அதுவரை தெரியாது.

பையில் அட்டைக்கான விண்ணப்பம் நிரப்பியே இருந்தது. திங்கள் காலை அதில் கையெழுத்து வாங்க மருத்துவரிடம், பத்து மணிக்கு இங்கே வேலை. பத்து மணி வரைக்குமான விடுப்புக் கடிதத்தை இன்று காலையிலேயே கொடுத்துவிட்டேன். ராஜினாமாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தேன். முறுக்கு டப்பாவையும் எடுத்துப் பையில் போட்டேன்.

யுகேந்திரனும் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் பின்னாலேயே வந்தார். படிக்கட்டு குறுகல், என்னைத் தாண்டிப் போக முடியாது.

மெதுவாகத்தான் இறங்கினேன்.